கொடைக்கானல் மலையில் தோட்டத்துச் சாப்பாடு: ஊர் தேர்வதிலிருந்து பழம் கட்டிக்கொண்டு இறங்குவது வரை

பட்டாணிக் காயைச் செடியிலிருந்து பறித்த கையோடு உரித்து வாயில் போட்டால் பழம் தின்பதுபோல் இனிக்கும். அதே பட்டாணி மலையிறங்கி, ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை மாறி, நம் தெருக் கடைக்கு வந்து சேரும்போது அந்த இனிப்பு இருப்பதில்லை. பறித்த நேரத்திலிருந்தே அதற்குள் இருக்கும் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடுகிறது. சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் மலை ரிசார்ட்டில் தங்கிச் சாப்பிடுவதற்கு இந்த ஒரு பட்டாணியே போதுமான காரணம்.

ஆனால் அதே தோட்டத்தில் காபியும் பூண்டும் வெண்ணெய்ப்பழமும் (அவகாடோ) மலைவாழையும் இருக்கின்றன. இவற்றைப் பறித்த அன்றே சாப்பிட முடியாது. காய வேண்டும், புகை ஏற வேண்டும், பழுக்க வேண்டும். ‘எல்லாமே இன்று பறித்தது’ என்று சொல்லும் இடத்தைவிட, ‘கீரை காலையில் பறித்தது, பூண்டு மூன்று மாதத்துக்கு முன் எடுத்தது’ என்று சொல்லும் இடத்தையே நான் நம்புவேன். எதை உடனே சாப்பிட வேண்டும், எதைக் காத்திருந்து சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால், அதே ரிசார்ட்டில் அதே சமையற்காரர் கையால் இரண்டு மடங்கு நல்ல சாப்பாடு கிடைக்கும்.

என் சித்தப்பா கீழ்மலையில் காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதிலிருந்து, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்குப் போய்வருகிறேன். அதனால் இதைக் கொடைக்கானலை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் உயரத்தைத் தேர்ந்தெடுங்கள்

அறை, ஏரி தெரியும் ஜன்னல், குளிர்காய நெருப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது எவ்வளவு உயரத்தில் தங்கப்போகிறோம் என்பது. தட்டில் வருவதை முடிவு செய்வது அதுதான். கொடைக்கானல்காரர்கள் இதை மேல்மலை, கீழ்மலை என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

கொடைக்கானல் நகரம் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி மேற்கே போனால் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை. இது மேல்மலை. படிப்படியாக வெட்டிய நிலத்தில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ், மலைப்பூண்டு. குளிர் தாங்கும் காய்கறி வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். குளிரில் வளரும் கேரட் தன்னை உறையாமல் காத்துக்கொள்ளச் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். மார்கழி, தை மாதத்து மேல்மலைக் கேரட்டைக் கழுவி அப்படியே கடித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, கே.சி.பட்டி, பாச்சலூர் எல்லாம் கீழ்மலை. இங்கே காபி முதலாளி. அதன் மேல் நிழல் மரம், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, இடையில் மலைவாழை, ஆரஞ்சு, ஏலக்காய், வெண்ணெய்ப்பழம், பந்தலில் சௌசௌ. ஒரே ஏக்கரில் இத்தனையும் இருப்பதால் கீழ்மலைத் தோட்டம் பார்க்கக் காடுபோலத்தான் இருக்கும். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. டி.கே.டி. 1 என்ற வெண்ணெய்ப்பழ ரகம் தடியன்குடிசையில் பிறந்ததுதான்.

மூன்று இரவு கிடைத்தால் ஒன்றைக் கீழ்மலையிலும் இரண்டை மேல்மலையிலும் கழிப்பேன். இரண்டே இரவுதான் என்றால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கீழ்மலை நல்லது. குளிர் குறைவு, பழம் அதிகம்.

எந்த மாதம்

கோடை விடுமுறையில்தான் கூட்டம், அப்போதுதான் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு அந்த மாதங்களில் கிடைப்பது முக்கியமாகப் பிளம்ஸ். மே கடைசியில் புளிப்பாகத் தொடங்கி ஜூனில் இனிக்கும். அதன் பிறகு பேரிக்காய். ஜூனிலிருந்து செப்டம்பர் வாக்கில் கீழ்மலையில் வெண்ணெய்ப்பழம். கார்த்திகையிலிருந்து தை வரை ஆரஞ்சும் காபிப் பழப் பறிப்பும், அதை ஒட்டியே மிளகும்.

என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரிதான். வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் ஈரமாக இருக்கும், காய்கறி தளதளவென்று வரும், களங்களில் காபிக் கொட்டை காயும். மேல்மலையில் விடியற்காலை உறைபனி விழும், அதனால் ஸ்வெட்டர் கட்டாயம். அக்டோபர், நவம்பரில் கனமழை பெய்து மலைப்பாதையில் மண் சரியக்கூடும் என்பதால் அந்த மாதங்களில் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து காபி பூத்தால் கீழ்மலை முழுக்க மல்லிகை வாசம் அடிக்கும். சாப்பாட்டுக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் அந்த வாரம் அமைந்தால் விடாதீர்கள்.

மலைப்பூண்டுக்கு ஆண்டில் இரண்டு போகம். மே வாக்கில் ஒரு நடவு, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. எடுத்த பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்டு வைப்பார்கள் என்பதால் எந்த மாதம் போனாலும் பூண்டு உண்டு.

அறை போடுவதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடத்தில் தங்கினேன். வாசலிலேயே ‘எங்கள் தோட்டத்திலிருந்து உங்கள் தட்டுக்கு’ என்று பெரிய பலகை. அறைக்குப் பின்னால் அழகான நான்கு பாத்தி, அதில் கொஞ்சம் கீரை, கொஞ்சம் லெட்யூஸ். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நடக்கக் கிளம்பியபோது, அடுப்படி வாசலில் ஒரு வேனிலிருந்து கேரட் மூட்டையும் முட்டைக்கோஸும் இறங்கிக்கொண்டிருந்தன. மேல்மலையில் விளைந்து, சமவெளிச் சந்தைக்குப் போய், மறுபடி மலையேறி வந்த கேரட். கூலிக்கு இறக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். “தினமும் இப்படித்தான் தம்பி. அந்தப் பாத்தி போட்டோவுக்கு” என்றார். எனக்கு வந்த வருத்தம் காசைப் பற்றியதல்ல. மலை மேல் இருந்துகொண்டு மலைக் காயைச் சாப்பிட முடியவில்லையே என்பதுதான்.

அதன் பிறகு போனிலேயே கேட்டுவிடுகிறேன். முதல் கேள்வி: “இந்த வாரம் தோட்டத்துல என்ன பறிக்கிறீங்க?” தோட்டம் இருப்பவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள். “பீன்ஸ் முடியப்போகுது, நூக்கல் இருக்கு, கேரட் இன்னும் பத்து நாளாகும்” என்று ஒரு பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அறை போடலாம். “எல்லாமே இருக்கு சார்” என்று வந்தால் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்திலும் எல்லாமே ஒரே வாரத்தில் இருக்காது.

இரண்டாவது கேள்வி: “வெளியில என்ன வாங்குறீங்க?” அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, தேங்காய் எதுவும் அந்தக் குளிரில் விளையாது. அவை சமவெளியிலிருந்துதான் வரும். இதை ஒளிக்காமல் சொல்பவர் மற்றதையும் ஒளிக்க மாட்டார். தோட்டம் சிறியது, காய் போதாத நாளில் பக்கத்துத் தோட்டத்தில் வாங்குகிறோம் என்றால் அதுவும் நல்ல பதில்தான். மலைக் கிராமத்து விவசாயிக்கு நாலு காசு நேராகப் போகிறது.

மூன்றாவது, மருந்து. மலைக் காய்கறிக்குப் பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்படுவது ஊரறிந்த விஷயம். “இயற்கை விவசாயம்” என்று சொன்னால் சான்றிதழ் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரையோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் உறுதி கொடுக்கும் பி.ஜி.எஸ். சான்றோ இருக்கலாம். சான்றிதழ் இல்லாததால் பொய் சொல்கிறார்கள் என்று ஆகாது. பல சிறு விவசாயிகளால் அந்த வேலையெல்லாம் செய்ய முடிவதில்லை. அப்போது “கடைசியா எப்ப அடிச்சீங்க, என்ன அடிச்சீங்க?” என்று கேளுங்கள். அடித்த பிறகு குறிப்பிட்ட நாட்கள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள் அந்த நாள் கணக்கைச் சொல்வார்கள்.

கடைசியாகச் சாப்பாட்டு ஏற்பாடு. காலைச் சாப்பாடு மட்டும் அறை வாடகையில் சேர்ந்ததா, மூன்று வேளையுமா என்று கேளுங்கள். தோட்டத்துச் சாப்பாட்டுக்காகப் போகிறீர்கள் என்றால் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவதாகச் சொல்லிவிடுவது நல்லது. எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் காலையில் எத்தனை கிலோ பறிப்பது என்று அவர்களுக்குத் தெரியும். சர்க்கரை நோய், ஒவ்வாமை, பூண்டு வெங்காயம் சேர்க்காதவர்கள் என்று எது இருந்தாலும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் ஓடிப்போய் வாங்கி வரக் கடை இருக்காது.

மலையேறும் நாள்

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். விடுமுறைக் காலத்தில் அறை போட்ட கையோடு பாஸையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு உண்டு. எவர்சில்வர் பாட்டிலே சிரமமில்லாதது.

வத்தலகுண்டு வழியாகவோ பழனி வழியாகவோ ஏறினால் இரண்டு பாதையும் பெருமாள்மலையில் சேர்ந்துகொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறு, பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் தவறு. இரண்டு இட்லி போதும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, “வந்ததும் சாப்பாடு” என்று கேட்காதீர்கள். அன்றைக்கு உங்களுக்காக எதுவும் பறித்திருக்க மாட்டார்கள். மாலை மூன்று, நான்கு மணிக்குப் போய்ச் சேர்வதுபோல் கிளம்பினால், வெளிச்சம் இருக்கும்போதே தோட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நாளைக்குச் சொல்லிவிடலாம்.

சாப்பிடும் முன் தோட்டத்தைச் சுற்றுங்கள்

பெட்டியை வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, தோட்டம் பார்த்துக்கொள்கிறவரோடு நடங்கள். மேலாளரைவிட அவரே இந்த வேலைக்குச் சரியான ஆள். அண்ணன், அக்கா என்று கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் அந்த மலையின் விவசாயத்தையே சொல்லிவிடுவார்கள்.

உண்மையில் உண்ணத் தரும் தோட்டத்தில் ஒரே பயிர் மூன்று வயதில் இருக்கும். முளைத்து வரும் கேரட் ஒரு பாத்தி, பாதி வளர்ந்தது ஒன்று, பிடுங்கத் தயாரானது ஒன்று. அப்படி விட்டு விட்டு விதைத்தால்தான் வாரா வாரம் அடுப்படிக்குக் காய் வரும். எல்லாப் பாத்தியும் ஒரே உயரத்தில் சீராக இருந்தால் அது சந்தைக்கு விளைவிப்பது, அல்லது பார்வைக்கு வைத்தது. எருக்குழி எங்கே என்று கேளுங்கள். அடுப்படிக் கழிவு அங்கே வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள். மாடு இருக்கிறதா, கோழி இருக்கிறதா, தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறதா, மழைநீர்க் குட்டையா?

சோலார் வேலி கண்ணில் பட்டால் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். காட்டுமாடும் காட்டுப்பன்றியும் ஓர் இரவில் ஒரு போகத்தையே முடித்துவிடும் ஊர் இது. கொடைக்கானல் தெருக்களிலேயே காட்டுமாடு சாதாரணமாக நடந்துபோகும். இருட்டிய பிறகு தோட்டத்துக்குள் தனியாக இறங்கவே கூடாது. கீழ்மலையில் மழைக்காலமென்றால் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பைத் துணியில் முடிந்து கையில் வைத்திருங்கள்.

கையால் ஒன்று பறித்துப் பார்க்க ஆசையாக இருக்கும். கேட்டுவிட்டுப் பறியுங்கள். பீன்ஸைக் காம்போடு ஒடிக்க வேண்டும், இழுத்தால் கொடியே வந்துவிடும். காபிப் பழத்தில் சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பழத்தின் தோலைக் கடித்தால் லேசான இனிப்பு இருக்கும், பிள்ளைகள் விரும்புவார்கள்.

முதல் நாள் இரவே அடுப்படிக்குச் சொல்லிவிடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும்விட முக்கியமான படி. மெனு அட்டையைக் கேட்காதீர்கள். அட்டையில் நூறு அயிட்டம் இருந்தால் நூறுக்கும் சாமான் குளிர்பெட்டியில் இருக்கிறது என்றுதான் பொருள். தோட்டத்தில் பார்த்ததை வைத்து, “நாளைக்கு மதியம் நூக்கல் கூட்டும் பீன்ஸ் பொரியலும் பண்ண முடியுமா அக்கா?” என்று கேளுங்கள். காலையில் பனி காய்வதற்குள் பறித்துவிடுவார்கள்.

மலையில் சமைப்பதற்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பு, காய்ந்த மொச்சை, ராஜ்மா, கொண்டைக்கடலை எல்லாம் இதனால் வேகவே வேகாது என்று தோன்றும். இரவே ஊறவைத்துக் குக்கரில் போட்டால்தான் ஆகும். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் மொச்சைக் குழம்பு கேட்டால் கிடைக்காததற்குச் சமையல்காரர் காரணமில்லை. முட்டை வேகவும் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும்.

இட்லியும் அப்படித்தான். மாவு புளிக்கச் சூடு வேண்டும். எட்டு, பத்து டிகிரிக் குளிரில் இரவு முழுக்க வைத்தாலும் பொங்காது. நல்ல அடுப்படிகளில் மாவுப் பாத்திரத்தை அணைந்த விறகடுப்பின் ஓரத்தில் சாக்குச் சுற்றி வைப்பார்கள். அப்படியும் சமவெளி இட்லி வராது. குளிர் மாதங்களில் காலைக்கு அடை, ரவா உப்புமா, கேழ்வரகுக் களி, சப்பாத்தி என்று புளிக்கத் தேவையில்லாததைச் சொல்லுங்கள். மேல்மலையில் ஜனவரி காலை ஒன்றில், முட்டைக்கோஸும் முருங்கைக்கீரையும் சேர்த்து வார்த்த அடைக்குத் தொட்டுக்கொள்ளச் சுட்ட பூண்டுத் துவையல் வைத்தார்கள். முருங்கை வத்தலகுண்டிலிருந்து வந்தது என்று அவர்களே சொன்னார்கள். அந்தக் காலைச் சாப்பாட்டை இன்னும் மறக்க முடியவில்லை.

தயிரும் மெதுவாகத்தான் உறையும். புளிப்பில்லாமல் இனிப்பாக இருக்கும். அது குறையில்லை, அந்தக் குளிரில் தயிரின் இயல்பே அதுதான்.

வேளை வேளையாக எதைக் கேட்பது

காலையில் பழம். மலைவாழைத் தோல் சுருங்கிக் கறுத்திருந்தால் ஒதுக்காதீர்கள். விருப்பாட்சி, சிறுமலை என்று இரண்டு மலைவாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. விருப்பாட்சி வாழையில் நீர் குறைவு, அதனால்தான் அது பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது, நாள்பட்டும் கெடுவதில்லை. தோல் கறுத்த பிறகுதான் புளிப்பும் இனிப்பும் சரியாகக் கூடிவரும். ஒரு காலத்தில் இந்த மலை முழுக்க இருந்த வாழை முடிக்கொத்து நோயால் பெரும்பகுதி அழிந்துபோனது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுதான் மீண்டும் ஏற்றிவருகிறார்கள். அந்தத் தோட்டத்தில் மலைவாழை இருந்தால் அவர்களிடம் அதைப் பாராட்டிச் சொல்லுங்கள். வைத்துக் காப்பது சுலபமில்லை.

காபி கேட்கும்போது “இந்த வருஷக் காபியா, போன வருஷமா?” என்று கேட்டுப்பாருங்கள். பறிப்புக் காலத்தில் போனால், கண்ணெதிரே காயும் கொட்டையிலிருந்து உங்களுக்குக் காபி வராது. பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் பல நாள் காயவைத்து, மேலோடு நீக்கி, வறுத்து, அரைத்த பிறகுதான் அது காபி. தோட்டத்து வீட்டுக்காரர்கள் போன பருவக் கொட்டையை வைத்திருந்து வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்துக்கொள்வார்கள். வறுத்து நாலைந்து நாளான தூளில் போட்ட வடிகாபிதான் கேட்க வேண்டியது.

மதியச் சாப்பாட்டில் உடனே சாப்பிட வேண்டியவற்றுக்கு முதலிடம். பட்டாணி, பட்டர் பீன்ஸ், பீன்ஸ், கீரை, இளம் முள்ளங்கி. இவற்றுக்கு மசாலா வேண்டாம் என்று நானாகவே சொல்லிவிடுவேன். கடுகு, உளுந்து, ஒரு வரமிளகாய் தாளித்து, கொஞ்சம் தேங்காய்ப்பூ போதும். பட்டாணிக்குத் தேங்காய்ப்பூகூட வேண்டாம். காலையில் பறித்ததைப் பன்னீர் பட்டர் மசாலாவுக்குள் மூழ்கடித்துவிட்டால் அது காலையில் பறித்தது என்பதே தெரியாமல் போய்விடும். கீழ்மலையில் சௌசௌவைக் கூட்டாகக் கேளுங்கள். பந்தலிலிருந்து அன்றே இறக்கிய இளங்காய்க்குத் தோலே சீவ வேண்டாம். அதன் கொழுந்தையும் கீரைபோல வதக்கித் தருவார்கள், கேட்டால்தான் செய்வார்கள்.

பச்சையாகச் சாப்பிடும் கீரை, லெட்யூஸ் எதுவானாலும் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவியதா என்று கேட்டுவிடுங்கள். எருப் போட்ட மண்ணில் விளைந்தது. கேட்பதில் தவறில்லை.

இரவுக்கு மலைப்பூண்டு. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சின்னது, காரம் பெரியது. பூண்டின் நெடியும் காரமும் பல்லை நசுக்கிய பிறகுதான் உண்டாகின்றன. உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருட்கள் நசுங்கும்போது கலந்து அது பிறக்கிறது. முழுப் பல்லாக எண்ணெயில் போட்டால் அந்த வேதியியல் நடக்கும் முன்பே சூடு அதை நிறுத்திவிடும், பூண்டு வெண்ணெய்போல் இனித்துக் குழையும். ஆகவே இரண்டு விதமாகக் கேளுங்கள். முழுப் பல்லாக வதக்கிய பூண்டுக் குழம்பு சோற்றுக்கு. தட்டி ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் கடைசியில் போட்டு இறக்கிய பூண்டு மிளகு ரசம், குடிக்க. அதே தோட்டத்து மிளகாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியே குளிர் இறங்கும் நேரத்தில் டம்ளரில் வாங்கிக் கையைச் சூடுபடுத்திக்கொண்டே குடிக்க வேண்டிய ரசம் அது.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் நாட்டுக்கோழியை முதல் நாளே சொல்ல வேண்டும். வேக நேரம் பிடிக்கும் என்பது மேலே சொன்ன அதே காரணம்தான். எனக்கு மலைக்குப் போனால் காய்கறியே போதும் என்று தோன்றிவிடுகிறது.

சாப்பாட்டுக்குப் பின் பழச்சாறு வேண்டுமென்றால் தாட்பூட் பழம் இருக்கிறதா என்று கேளுங்கள். பேஷன் ஃப்ரூட்டுக்கு மலையில் அதுதான் பெயர். உருண்டையாக வழவழப்பாக இருப்பதைவிடத் தோல் சுருங்கியதே இனிக்கும். மரத்தக்காளியைச் சட்னியாகக் கேட்கலாம். வெண்ணெய்ப்பழம் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. பறித்து வைத்தால் சில நாளில்தான் குழையும். அதனால் “இன்னைக்குப் பறிச்சதா?” என்று கேட்டு வாங்காதீர்கள். “பறிச்சு எத்தனை நாளாச்சு?” என்று கேளுங்கள்.

காட்டிலிருந்து வருபவை

பழனி மலையின் ஆதிகுடிகளான பளியர்கள் தேன் எடுப்பதும் வள்ளிக்கிழங்கு தோண்டுவதும் தலைமுறை தலைமுறையாக நடப்பது. சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தருகிறது. ரிசார்ட்டில் மலைத்தேன் வைத்தால் யாரிடம் வாங்கினார்கள், சரியான விலை கொடுத்தார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். நாமாகக் காட்டுக்குள் போய்ப் பறிப்பது மட்டும் வேண்டாம். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, பல இடங்களில் நுழையவே அனுமதி இல்லை. புல்வெளியில் கிடைக்கும் காளானை யார் பறித்துத் தந்தாலும் வாயில் வைக்காதீர்கள். விஷக் காளான்களும் போதைக் காளான்களும் அங்கே முளைக்கின்றன, பார்த்தவுடன் பிரித்தறிய நம்மால் முடியாது.

இறங்கும்போது கட்டிக்கொண்டு வர

கிளம்பும் அன்று காலையில் கேட்காமல் முதல் நாள் மாலையே கேளுங்கள். விடியற்காலையில் பறித்துத் தருவார்கள். விலையைத் தோட்டக்காரரிடமே பேசிக் கையில் கொடுத்தால் அந்தப் பணம் சேரவேண்டிய இடத்தில் சேரும். பேரம் பேசாதீர்கள். சந்தையில் அவர்களுக்குக் கிடைப்பதைவிட நாம் கொடுப்பது கூடுதலாக இருக்கட்டும். சமையல்காரருக்கு அன்பளிப்பு கொடுக்கும்போது, காலை ஆறு மணிக்குக் குளிரில் பறித்தவருக்கும் ஒரு பங்கு.

கேரட் வாங்கினால் தழையை அங்கேயே கிள்ளிவிடுங்கள். தழை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வீடு வருவதற்குள் கேரட் தளர்ந்துவிடும். பூண்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். துணிப்பையோ சணல் சாக்கோ போதும், வீட்டில் காற்றாடும் இடத்தில் தாளோடு தொங்கவிடலாம். தோட்டத்தில் பூண்டு இல்லையென்றால் பெரியகுளம் வழியாகத் திரும்புகிறவர்கள் வடுகபட்டி பூண்டுச் சந்தையில் வாங்கலாம். மேல்மலைப் பூண்டு பல காலமாக அங்கேதான் இறங்குகிறது. தோலில் லேசான புகை வாசம் இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். காபியைத் தூளாக வாங்காமல் வறுத்த கொட்டையாக வாங்குங்கள். பட்டாணியும் பட்டர் பீன்ஸும் வாங்க ஆசை வரும். வண்டியில் ஏழெட்டு மணி நேரம் கிடந்தால் அதன் அருமை போய்விடும் என்பதால் நான் வாங்குவதில்லை, மலையிலேயே தின்று தீர்த்துவிடுகிறேன்.

வெண்ணெய்ப்பழத்தைக் கல்போல் இருக்கும்போதே வாங்குங்கள், நாலு போதும். காகிதத்தில் சுற்றித் துணிகளுக்கு நடுவே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒருமுறை காம்புப் பக்கம் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்குகிற அன்று வெட்டி, உப்பும் அந்தத் தோட்டத்து மிளகுத்தூளும் தூவி, கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம்.